கிடங்கு சொல்லும் பாடம்



சென்ற மாதம் நமது சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்தில் என் கடையைப் பற்றி ஒரு பேச்சு வந்தது. கடைக்குப் பின்னால் இருக்கிற பழைய ஸ்டோரை என்ன செய்வது என்பதே விஷயம். ஒரு காண்ட்ராக்டர் அதை இடித்துவிட்டு, மலை பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு ஆறு அறைகள் கட்டித் தருவதாகச் சொல்லி, கணக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார். சங்கத்து அன்பர்களோ, "அதைச் செப்பனிட்டுப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கும் வாசகசாலைக்கும் தரக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். நான் அன்று பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் தவணை கேட்டுக்கொண்டு எழுந்து வந்தேன்.

அந்த ஒரு மாதத்தில் நான் யோசித்ததையே இங்கே பாடமாக எழுதுகிறேன். என் படிப்பு மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான். கட்டடக் கலை கற்றவன் அல்லன். ஆனால் இருபத்தைந்து வருஷமாக மூட்டைகளோடு பழகியவன். சரக்கு எப்படிக் கெடும், கூரை எங்கே ஒழுகும் என்பது எனக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் இலங்கைக்குப் போனபோது, முன்னூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கிடங்கைப் பார்த்தேன். அதன் சரித்திரத்தைச் சொன்னால் நமது பிரிஞ்சாங் ஸ்டோருக்கும் வழி தெரியும் என்று நினைக்கிறேன்.

சொல்லின் பயணம்

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் இந்த நாட்டில் 'குடோன்' என்கிறோம். மலாய்க்காரர் 'குடாங்' என்கிறார்கள். ஆங்கிலேயரின் 'கோடவுன்' என்பதும் இதே சொல்தான். தமிழில் 'கிடங்கு', தெலுங்கில் 'கிட்டங்கி' என்று வழங்கிய சொல் கப்பல் ஏறி மலாய் நாட்டுக்கு வந்து, போர்த்துக்கீசியர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் புகுந்து உருமாறி, மறுபடியும் நம்மிடமே 'குடோன்' என்று திரும்பியிருக்கிறது என்று மொழி ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். மலாய் மொழியின் 'கெடாய்' நமது 'கடை' என்பதை எல்லோரும் அறிவோம். கடையும் கிடங்குமாகவே நம் முன்னோர் இந்தக் கரைக்கு வந்தார்கள் என்பதற்கு இந்த இரண்டு சொற்களே போதுமான சாட்சி.

காலிக் கோட்டையின் பெரிய கிடங்கு

காலி என்றவுடன் வெறுமை என்று எண்ண வேண்டாம். அது இலங்கையின் தென்மேற்குக் கரையில், கொழும்பிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள துறைமுக நகரம். 1344-ஆம் ஆண்டில் உலகம் சுற்றிய இப்னு பதூதா அங்கே போயிருக்கிறார். அப்போது அது ஒரு சிறிய ஊர். அங்கே இப்ராஹீம் என்ற ஒரு கப்பல் தலைவர் தம்மை உபசரித்ததாக அவர் தமது பயண வரலாற்றில் கூறுகிறார். வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே அந்தத் துறையில் முஸ்லிம் வியாபாரிகளின் விருந்தும் சரக்கும் இருந்தன என்பது இதனால் தெரிகிறது.

பிறகு போர்த்துக்கீசியர் வந்து அங்கே அரண் கட்டினார்கள். 1640-இல் டச்சுக்காரர் அதைப் பிடித்தார்கள். அடுத்த வருஷம், 1641-இல், நமது மலாக்காவையும் அவர்களே போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். ஒரே கம்பெனிதான், 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அவர்கள் காலிக் கோட்டையைப் பெரிதாக்கி, 14 கொத்தளங்களுடன் கட்டினார்கள். கோட்டையின் பழைய வாசலின் உட்புறத்தில், இரண்டு சிங்கங்கள் தாங்கும் கம்பெனி முத்திரையும் அதற்கு மேலே ஒரு சேவலும் 1669 என்ற வருஷமும் கல்லில் செதுக்கப்பட்டு இன்றும் இருக்கின்றன.

அந்த வாசலை ஒட்டி, 1671-ஆம் ஆண்டளவில், பெரிய கிடங்கைக் கட்டினார்கள். நீண்ட கட்டடம், தடித்த சுவர், மேலே மாடி. கோட்டைக்குள் போகிற பழைய வழி இந்தக் கட்டடத்தின் ஊடாகவே செல்கிறது. 1873-இல் ஆங்கிலேயர் வேறொரு வாசல் திறக்கும் வரையில் அதுவே பிரதான வாசல். துறைமுகத்திலிருந்து எது வந்தாலும், துறைமுகத்துக்கு எது போனாலும், கிடங்கின் கண்ணில் படாமல் போக முடியாது. சரக்குக்கும் வாசலுக்கும் ஒரே காவல்! கல்லாப்பெட்டியைக் கடை வாசலில் வைத்து உட்காருகிற நமக்கு இந்த யுக்தி எளிதில் விளங்கும்.

உள்ளே இருந்தது என்ன?

முதன்மையானது கறுவாப்பட்டை. நாம் கடையில் சாதாரணமாக விற்கிற தடித்த பட்டை வேறு. இலங்கைக் கறுவா வேறு. அது காகிதம் போல மெல்லியது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டிக் காயவைத்திருப்பார்கள். விரலால் நொறுக்கினால் நொறுங்கும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து மணம் போய்விடும். ஆகவே கறுவாவுக்கு நல்ல கிடங்கு உயிர் போன்றது. வாசனைச் சரக்குகளோடு கப்பல்களுக்கு வேண்டிய சாமான்களும் அங்கே வைக்கப்பட்டன. மாலத்தீவிலிருந்து வந்த சோகிகளும் காலித் துறையில் வந்து இறங்கின. அந்தச் சோகிகள் ஐரோப்பா போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அடிமை வியாபாரத்தில் பணமாகச் செல்லுபடியாயின.

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெருமையை மட்டும் பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கிடங்கின் பெருமைக்குள் மனிதரின் கண்ணீரும் இருக்கிறது. கம்பெனியின் அனுமதியின்றிக் கறுவாவை உரிப்பதற்கும் விற்பதற்கும் மரண தண்டனை வரை விதிக்கும் சட்டம் இருந்தது. முஸ்லிம் வியாபாரிகளுக்கும் பலவிதக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. ஆனால் காலம் மாறியது. இன்று அதே கோட்டைக்குள் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன. 1904-இல் கட்டப்பட்ட மீரான் பள்ளிவாசல் வெண்மையாக நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கம்பெனியோ 1799-லேயே கலைந்துபோய்விட்டது!

வியாபாரம் போயிற்று, கட்டடம் நின்றது

1796-இல் காலி ஆங்கிலேயர் வசமாயிற்று. வாசலின் வெளிப்புறத்தில் அவர்கள் தங்கள் அரச முத்திரையைப் பதித்தார்கள். உட்புறத்து டச்சு முத்திரையை உடைக்கவில்லை. நீராவிக் கப்பல்கள் வந்து கரி ஏற்றிய காலத்தில் காலித் துறை மிகவும் பரபரப்பாக இருந்தது. பிறகு கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டும் வேலை 1875-இல் தொடங்கி 1885-இல் முடிந்தது. கப்பல்கள் கொழும்புக்குப் போய்விட்டன. காலியின் வியாபாரம் தேய்ந்தது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வியாபாரம் பெருகிய கொழும்பில், பழைய கோட்டையின் மதில்களை 1870-ஐ ஒட்டி இடித்துவிட்டார்கள். வியாபாரம் குறைந்த காலியில் கோட்டையும் நின்றது, கிடங்கும் நின்றது. இடிப்பதற்கும் பணம் வேண்டுமல்லவா? வறுமை சில சமயம் வைத்துக் காக்கிறது. செல்வம் சில சமயம் வாரி எறிந்துவிடுகிறது. 1988-இல் காலிக் கோட்டை உலகப் பாரம்பரிய இடங்களின் வரிசையில் யுனெஸ்கோவால் சேர்க்கப்பட்டது. இன்று உலகமே வந்து பார்த்துப் பணம் செலவழிப்பது, அன்று இடிக்காமல் விட்ட அந்த ஊரில்தான்.

புதிய வேலை

இனி, கிடங்குக்குக் கிடைத்த புதிய வேலையைப் பார்ப்போம். 1992 மே மாதத்தில் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இது பொருத்தமான வேலை. கடல் வழியாக வந்த சரக்கைக் காத்த கட்டடம், கடலின் கதையைக் காக்கத் தொடங்கியது. துணி, காகிதம், மரம் ஆகிய பழம்பொருள்களுக்குக் கடும் வெளிச்சம் ஆகாது. கிடங்கின் நிழலும் தடித்த சுவரும் அவற்றுக்கு உகந்தவை. கட்டடத்தின் சுபாவமும் வேலையின் சுபாவமும் ஒன்றோடொன்று இசைந்தன.

ஆனால் எல்லாம் சுகமாக முடிந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் பொங்கி வந்தது. காலி நகரின் பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நாசமாயின. எத்தனையோ உயிர்கள் போயின. கோட்டையின் மதில்கள் உள்ளேயிருந்த வீடுகளில் பெரும்பாலானவற்றைக் காத்தன. துறைமுகத்தின் பக்கம் இருந்த கிடங்கினுள் வெள்ளம் புகுந்து அருங்காட்சியகத்தைச் சிதைத்தது.

அதே நாளில் இன்னொரு நஷ்டமும் நேர்ந்தது. 1659-இல் காலித் துறையில் நங்கூரம் நழுவிக் கரையோரம் மோதி மூழ்கிய 'அவொண்ட்ஸ்டர்' என்ற கம்பெனிக் கப்பலை 2001 முதல் அறிஞர்கள் கடலடியில் ஆராய்ந்து பொருள்களை எடுத்துவந்தார்கள். கோட்டைக்கு வெளியே கரையோரம் இருந்த அவர்களுடைய ஆய்வுக்கூடம் அழிந்து, எடுத்த பொருள்களில் பலவற்றைக் கடல் திரும்பவும் கொண்டுபோய்விட்டது.

ஆயினும் கிடங்கின் சுவர்கள் நின்றன. நெதர்லாந்து அரசாங்கம் பணம் உதவியது. கட்டடம் செப்பனிடப்பட்டு, 2010 மார்ச்சில் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டது. எந்த நாட்டார் லாபத்துக்காகக் கட்டினார்களோ, அந்த நாட்டாரின் பேரர்களே அறிவுக்காக அதைப் பழுதுபார்க்கப் பணம் தந்தார்கள். காலத்தின் கணக்குப் புத்தகம் இப்படியும் சில சமயம் நேராகிறது.

வடிகாலை மூடிய கல்

காலியில் கிடைத்த இன்னொரு பொருளைச் சொல்லாமல் போனால் பாடம் நிறைவுபெறாது. 1911-இல் அந்த நகரில் ஒரு வடிகாலை மூடப் பயன்பட்டிருந்த கல்பலகையை ஓர் இஞ்சினீயர் கண்டெடுத்தார். அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்து! நமது மலாக்காவுக்கும் வந்துபோன முஸ்லிம் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல் அது. 1409-ஆம் ஆண்டின் தேதியிட்டது. சீன எழுத்து புத்தரையும், தமிழ் எழுத்து தேவேந்திரமுனைக் கோயிலின் தெய்வத்தையும், பாரசீக எழுத்து அல்லாஹ்வையும் நோக்கி அமைந்திருக்கின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகளின் பட்டியலும் இருக்கிறது. இன்று அந்தக் கல் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கல்லும் ஒரு புதிய வேலைக்குப் போயிருந்தது. வடிகாலை மூடியது நல்ல வேலைதான்; தண்ணீர் போக வழிவிட்டது, மனிதர் நடக்க உதவியது. ஆனால் அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்க்காததால் பாரசீக எழுத்தில் பல சொற்கள் தேய்ந்து அழிந்துவிட்டன. பழைய பொருளுக்குப் புது வேலை கொடுப்பது மட்டும் போதாது. அதில் எழுதியிருப்பதை முதலில் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நமக்கு அருகே சிங்கப்பூரிலும் பார்க்கிறோம். 1983-இல் சிங்கப்பூர் ஆற்றிலிருந்து சரக்குத் தோணிகள் அகற்றப்பட்டன. கரையோரத்துக் கிடங்குகள் வெறுமையாயின. கிளார்க் கீ பகுதியின் கிடங்குகள் செப்பனிடப்பட்டு 1993-இல் உணவுக் கடைகளும் கேளிக்கை இடங்களுமாகத் திறக்கப்பட்டன. சுவர் பிழைத்தது, ஆனால் மூட்டை சுமந்த கூலிகளின் ஞாபகத்தை அந்த இரவு விளக்குகளில் தேட வேண்டியிருக்கிறது. கட்டடத்தைக் காப்பது ஒன்று. அதன் கதையைக் காப்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன்.

என் ஸ்டோரும் என் தவறும்

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் ஸ்டோரை மர்ஹூம் அத்தா எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டினார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, தரை இரண்டடி உயரத்தில் மரக்கால்களின் மேல். தேயிலைத் தோட்டத்து லயங்களுக்குப் போன அரிசியும் பருப்பும் மிளகாயும் அதிலிருந்துதான் போயின. சம்பள நாள் வரை கடன். அதற்குப் பிறகு கணக்குத் தீர்ப்பு. மூட்டை எண்ணிக்கையை அத்தா சுண்ணாம்புக் கட்டியால் பலகையிலேயே ஐந்தைந்து கோடாகப் போடுவார்கள். ஓரிரண்டு பலகைகளில் அந்தக் கோடுகள் இன்னும் மங்கலாக இருக்கின்றன.

அத்தா மௌத்தான பிறகு நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். எலித் தொல்லை என்று தரைக்கு அடியில் இருந்த திறப்புகளையெல்லாம் செங்கல்லும் தகரமும் வைத்து அடைத்துவிட்டேன். பலகை இடுக்குகளையும் பூசிவிட்டேன். நமது மலை ஏறக்குறைய 5,000 அடி உயரம். மழையும் பனியும் எல்லோரும் அறிந்தவை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பதினோரு மூட்டை மிளகாய் பூஞ்சை பிடித்தது. தரையைத் தாங்கிய உத்தரங்களின் முனைகளும் உளுத்தன. பார்க்க வந்த வயதான தச்சர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கட்டடத்துக்கு மூக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் அதைப் பொத்திவிட்டீர்கள்" என்றார். அடைத்ததையெல்லாம் எடுத்தோம். எலிக்குக் கம்பி வலை அடித்தோம். காற்று வந்தது, ஈரம் போயிற்று.

அத்தா அந்தத் திறப்புகளை மறதியால் விட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன். தெரிந்தே விட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் விட்ட இடைவெளியை அடைக்கும் முன், அதை ஏன் விட்டார்கள் என்று கேட்கத் தவறியது என் குற்றம்.

நாம் கற்க வேண்டியவை

காலியின் கிடங்கிலிருந்தும் என் நஷ்டத்திலிருந்தும் நான் படித்துக்கொண்டவை இவை:

முதலாவது, பழைய கட்டடம் எந்தப் பகையை எதிர்த்துக் கட்டப்பட்டது என்று அறிய வேண்டும். காலியில் பகை பீரங்கியும் திருடனும் ஈரமும். நமது மலையில் பகை ஈரமும் மழைநீரும்தான். புது வேலை கொடுத்தாலும் பழைய பகை போய்விடாது.

இரண்டாவது, கட்டடத்தின் மூச்சை அடைக்கக் கூடாது. பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளே கெடும். மர ஸ்டோரின் அடிப்பக்கத்தை அடைத்தால் உத்தரம் கெடும். புதிதாகத் தெரிவதெல்லாம் உறுதியானதல்ல.

மூன்றாவது, வேலை கட்டடத்துக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத இடத்தில் கட்டடத்தை மாற்ற வேண்டும். இருட்டு, பழம்பொருளுக்கு நல்லது. படிக்கும் பிள்ளைக்குக் கெடுதல். என் ஸ்டோருக்கு ஒரே கதவு, ஜன்னல் இல்லை. மூட்டைக்கு அது போதும். முப்பது பிள்ளைகளுக்குப் போதாது. நெருப்புப் பிடித்தால் வெளியேற இரண்டாவது கதவு வேண்டும். அது வெளிப்புறம் திறக்க வேண்டும். ஜன்னலும் புது மின்கம்பியும் வேண்டும். இவை இல்லாமல் ஒரு பிள்ளையையும் அதற்குள் உட்கார வைக்க நான் சம்மதியேன்.

நான்காவது, தண்ணீருக்கு வழி விட வேண்டும். காலிக் கோட்டையின் வடிகால்களை, கடல் ஏறி இறங்கும்போது தாமே கழுவிக்கொள்ளும்படி டச்சுக்காரர் அமைத்தார்கள் என்பது புகழ்பெற்ற செய்தி. நமது கடைவீதியில் சாக்கடையை நெகிழிப் பையால் நாமே அடைக்கிறோம்.

ஐந்தாவது, எழுதியிருப்பதை அழிக்கக் கூடாது; நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கம்பெனியின் முத்திரையை வாசலில் வைத்துக்கொண்டே அங்கே இன்று சரித்திரம் சொல்கிறார்கள். என் ஸ்டோரின் பலகையில் உள்ள கோடுகள் தோட்டத்துப் பாட்டாளிகள் கடனில் வாங்கிய அரிசியின் கணக்கு. அது அத்தாவின் உழைப்புக்கும் சாட்சி; அந்த மக்களின் சிரமத்துக்கும் சாட்சி.

முடிவு

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஆறு அறைகள் கட்டினால் மாதாமாதம் வெள்ளி வரும். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலை வகுப்பால் எனக்கு வருமானம் இல்லை. இந்த ஆசையை மறைத்துப் பேசினால் இந்தப் பாடம் பொய்யாகிவிடும். ஆயினும் யோசித்துப் பார்த்தால், அறைகள் இந்த ஊரில் ஏற்கனவே எத்தனையோ இருக்கின்றன. பள்ளி விட்டபின் நம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இல்லை. கடை வாசலிலும் படிக்கட்டிலும் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே என் பதில் இது. ஸ்டோரைப் பத்து வருஷத்துக்கு வாடகையின்றிச் சங்கத்தின் உபயோகத்துக்குத் தருகிறேன். மூன்று நிபந்தனைகள். அனுபவமுள்ள தச்சர் ஒருவர் மரக்கால்கள், உத்தரங்கள், கூரை மூன்றையும் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகே வேலை தொடங்க வேண்டும். உளுத்துப்போயிற்று என்று அவர் சொன்னால் பிடிவாதம் பிடிக்காமல் இடித்துவிட வேண்டும். உள்ளூர் அதிகாரிகளின் அனுமதி எழுத்தில் வேண்டும். கோடு போட்ட பலகைகளை வர்ணம் பூசாமல் அப்படியே விட வேண்டும். பக்கத்தில் அவை என்ன கணக்கு என்று தமிழிலும் மலாயிலும் எழுதி வைக்க வேண்டும்.

செலவுக்கு நான் என் பங்கைத் தருகிறேன். மற்றவர்கள் பணமாகவோ, பலகையாகவோ, ஒரு நாள் உழைப்பாகவோ தரலாம். தோட்டத்தில் இன்னும் இருக்கிற பெரியவர்கள், நம் கடைவீதி அந்த நாளில் எப்படி இருந்தது என்று வாலிபர்களிடம் சொல்லி எழுதவைத்தால், வாசகசாலையின் முதல் புத்தகம் அதுவாகவே இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும் வாலிபர்கள் மூன்று கேள்விகளுக்குப் பதில் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ வேலையின்றி நிற்கும் பழைய கட்டடம் எது? அது எதற்காகக் கட்டப்பட்டது என்று சொல்லக்கூடியவர் இன்னும் யார் இருக்கிறார்? அதற்கு இன்று எந்த வேலை பொருந்தும்?

காலியின் கிடங்கு மூன்றரை நூற்றாண்டாக நிற்கிறது. என் ஸ்டோருக்கு ஐம்பது வயதுதான் ஆகிறது. இன்ஷா அல்லாஹ், இன்னும் கொஞ்ச காலம் அது வேலை செய்யட்டும்.

வஸ்ஸலாம்.